பாசி மாப்பிள்ளை

ஃபோர்மேன் மதிப்பு வைக்கிற மாதிரி உலகத்தில் ஒரு ஆளும் அமையவில்லை. அதற்கு அவர் என்ன செய்வார்? டாக்டர் என்றால் ஊசி போடத் தெரிந்த கசாப்புக்காரன். வக்கீல் என்றால் கோட்டுப் போட்ட புளுகன். வாத்தியார் என்றால் வேறு வேலை எதுவும் கிடைக்காதவன். பேப்பரில் படம் வருகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை எழுத முடியாது. இப்படி ஊரையே உதட்டைப் பிதுக்கிப் பார்த்த மனிதர் வேலை பார்த்தது, அந்த ஊரின் சாக்கடை அத்தனையும் வந்து சேருகிற இடத்தில்.

"ஒருத்தன் யோக்கியதையும் எனக்குத் தெரியாம இல்ல. எல்லாம் குழாய் வழியா என்கிட்டதான் வருது" என்பார்.

அந்தக் கழிவுநீர் நிலையம் ஊரின் கடைசியில், ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. முதலில் கம்பிச் சல்லடை. கந்தல், பிளாஸ்டிக், குழந்தைகளின் செருப்பு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு மண் தங்குகிற தொட்டி. அதற்கப்புறம் நீளமான காற்றுத் தொட்டிகள். அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்க, தண்ணீர் உலையில் வைத்தது போலக் குமுறும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு அழுக்கைத் தின்று தீர்க்கும். அந்த ப்ளோயர்கள்தான் ஃபோர்மேனின் ராஜ்ஜியம். அந்த இரைச்சலில் வருஷக்கணக்காகக் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டில் உப்பு கேட்டாலும் அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் உப்பு டப்பாவைத் தேடுவார்கள்.

அவருடைய குவார்ட்டர்ஸ் நிலையத்தின் பின்சுவரை ஒட்டியிருந்தது. மனைவி அதிகம் பேசமாட்டாள். "இவர் பேசறதைக் கேக்கறதுக்கே ஆள் போதல, இதுல நான் வேறயா" என்று விட்டுவிட்டாள். ஒரே மகள், அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை. அப்பாவின் வாய் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. அவரைப் போல நாளெல்லாம் வீசிக்கொண்டிருக்கமாட்டாள், எப்போதாவதுதான் எடுப்பாள். எடுத்தால் அந்த இடத்தில் தழும்பு இருக்கும்.

அவள் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவன்தான் மாப்பிள்ளை. ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் கண்ணைக் கொட்டிக் கொட்டி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே ஃபோர்மேன் ஆரம்பித்துவிட்டார்.

"பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே, எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லைங்க. நான் பாசியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி…"

"எது, தண்ணித் தொட்டியில பிடிக்குமே, அதா?"

"அதுலயும் ரொம்பச் சின்னதுங்க. நுண்பாசி. ஒண்ணொண்ணாப் பார்த்தா கண்ணுக்கே தெரியாது. கோடிக்கணக்குல சேர்ந்தாத்தான் தண்ணி பச்சையாத் தெரியும்."

ஃபோர்மேன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியாடி? இத்தனை நாளா பாத்ரூம்ல நீ தேய்ச்சுக் கழுவி ஊத்தினதெல்லாம் டாக்டர் பட்டமாம்."

மகள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிக்கத் தெரிந்தவனை என்ன செய்வது என்று ஃபோர்மேனுக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது.

கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை ஊருக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவரைக்கும் தொல்லை இல்லை. அந்தக் கோடையில் ஏரி கெட்டுப்போனதுதான் வினை. ஏரி முழுக்கப் பச்சைக் கஞ்சி காய்ச்சி ஊற்றியது போல ஆடை படிந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. கரையோரத் தெருக்களில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கரைக்காரர்கள் நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏதாவது செய்தாக வேண்டும் என்று மேலிடத்தில் யோசித்து, யார் யாரையோ கேட்டு, கடைசியில் நிலையத்துக்குள் சும்மா கிடந்த பழைய தொட்டி ஒன்றைக் கொடுத்து ஒரு ஆராய்ச்சிக்காரரை அனுப்பினார்கள். அந்த ஆராய்ச்சிக்காரர் மாப்பிள்ளை.

தொட்டியைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே மாமனார் வீடு. ஆக, மகளும் மருமகனும் பெட்டியோடும் கண்ணாடி பாட்டில்களோடும் வந்து இறங்கினார்கள். பச்சைத் தண்ணீர் அடைத்த பாட்டில்கள் பின்பக்க ஜன்னலில் வரிசையாக ஏறின.

"வீட்டோட மாப்பிள்ளைன்னா சாப்பாட்டுக்குத்தான் உக்காருவான்னு கேள்விப்பட்டிருக்கேன். இவன் குடும்பத்தோட வந்திருக்கான், பாட்டில் பாட்டிலா" என்றார் ஃபோர்மேன்.

முதல் நாள் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினான். "உங்க ப்ளோயர் அழுக்கை எடுத்துடுது மாமா. வெளிய போற தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கு. ஆனா அதுல உரம் கரைஞ்சிருக்கு. வயலுக்குப் போடறோமே, அதே சத்து. அது ஏரிக்குப் போய்ப் பாசிக்கு விருந்தாயிடுது. பாசி கண்டபடி வளர்ந்து, செத்து, அழுகி, தண்ணியில இருக்கிற காத்தை உறிஞ்சிடுது. மீன் மூச்சுத் திணறிச் சாகுது."

"சரி. அதுக்கு?"

"ஏரியில சாப்பிடப்போறதை இங்கயே, தொட்டிக்குள்ள சாப்பிட வெச்சுடறோம். சாப்பிட்ட பாசியை வடிச்சு வெளிய எடுத்துடறோம். சத்து அதோட வந்துடும். அப்புறம் ஏரிக்குப் போற தண்ணி வெறும் தண்ணி."

"பந்தி போட்டு, சாப்பிட்டவனையே தூக்கிட்டுப் போறது?"

"ஆமாம் மாமா" என்றான் மாப்பிள்ளை சந்தோஷமாக. "ரொம்பச் சரியாச் சொன்னீங்க. தூக்கிட்டுப் போகலேன்னா பிரயோஜனமே இல்லை."

கிண்டலைப் பாராட்டாக வாங்கிக்கொள்கிற ஆளை ஃபோர்மேன் அதுவரை பார்த்ததில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் எடுபடாதது டீ ரூமில் எடுபட்டது. ப்ளோயர் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. வெல்டர், ஃபிட்டர், சல்லடை ஆட்கள், சோதனைச்சாலையில் வேலை பார்க்கிற கெமிஸ்ட் அம்மா, எல்லோரும் அங்கேதான் டீ குடிக்கக் கூடுவார்கள். ஃபோர்மேன் டம்ளரைக் கையில் எடுத்தாலே எல்லோரும் வாயைத் துடைத்துக்கொண்டு தயாராகிவிடுவார்கள்.

"பாசி பிடிச்ச ஏரியைக் காப்பாத்தப் பாசி வளர்க்கறாராம் என் மாப்பிள்ளை. தீயணைக்க வந்தவன் வண்டி நிறைய நெருப்புப் பெட்டியோட வந்து நிக்கறான்."

அறை அதிரும்.

"காலையில என்ன பண்றாருண்ணே?" என்று வெல்டர் எடுத்துக் கொடுப்பான்.

"தண்ணி மேய்க்கிறார். மாடு மேய்ச்சாலாவது சாயந்திரம் பால் கிடைக்கும்."

"பொண்ணு எப்படிண்ணே ஒத்துக்கிச்சு?"

"அவ என்ன பண்ணுவா பாவம். பாசின்னு தெரியாம காலை வெச்சா, வழுக்கிருச்சு."

வெல்டர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். கெமிஸ்ட் அம்மா மட்டும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனாள். ஃபோர்மேன் அதைக் கவனித்தார். அவளுக்கு நகைச்சுவை கிடையாது என்று முடிவு செய்துகொண்டார்.

தொட்டி வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நடுவில் ஒரு சுவர் வைத்து, தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி அமைத்தார்கள். ஒரு முனையில் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுழலும். பாட்டிலிலிருந்து டிரம்முக்கும், டிரம்மிலிருந்து தொட்டிக்குமாக மாப்பிள்ளை பாசியை வளர்த்து இறக்கினான். வெயில் ஏற ஏறத் தண்ணீர் வெளிர்பச்சையாகி, பிறகு கிளிப்பச்சையாகி, கடைசியில் கைவிட்டால் விரல் தெரியாத கரும்பச்சையானது. வெயிலில் நின்று நின்று மாப்பிள்ளையின் மூக்கு உரிந்தது. தினமும் படிகாரம் கரைத்து ஊற்றிப் பாசியை அடியில் தங்கவைத்து, துணியில் வடித்து, பச்சைச் சேறாக எடுத்துத் தட்டுகளில் காயவைத்தான். வீட்டுக்கு வந்தால் குளத்து வாடை அடித்தது. மகள் அவன் சட்டையைத் தனியாகத் துவைத்துப் போட்டாள்.

ஒரு நாள் கெமிஸ்ட் அம்மா ஃபோர்மேனிடம் வந்து, "உங்க மாப்பிள்ளை தொட்டியில இருந்து வர்ற தண்ணியைப் பார்த்தேன். உரச் சத்து பெரும்பாலும் போயிடுச்சு. நம்பவே முடியல" என்றாள்.

"நம்ப முடியலல்ல? நம்பாதீங்க" என்றார் அவர்.

கோடை முற்றியபோதுதான் மாப்பிள்ளை ஒரு காலையில் ப்ளோயர் கொட்டகைக்கு ஓடிவந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் பச்சைத் தண்ணீருக்குள் தூசி மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

"மாமா, தொட்டியில பூச்சி விழுந்திருக்கு. பாசியைத் தின்னற பூச்சி. விட்டா மொத்தத்தையும் வழிச்சுடும்."

"மருந்தடிங்க."

"மருந்தடிச்சா அது ஏரிக்குல்ல போகும்? வேற வழி இருக்கு. முதல் தொட்டிச் சாக்கடைத் தண்ணியில ஒரு காரம் இருக்கு மாமா, மூத்திரத்துல மூக்கைத் துளைக்குமே, அது. பாசி அதைத் தாங்கும். இந்தப் பூச்சி தாங்காது. நேரா அங்கேர்ந்து கொஞ்சம் தண்ணி வேணும். அந்த வால்வு உங்க பொறுப்புலதானே இருக்கு? இன்னைக்கே திறந்துவிட்டீங்கன்னா…"

ஃபோர்மேன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சுத்தமான தண்ணியில வளர்த்ததைக் காப்பாத்த, மேல சாக்கடையைக் கொட்டணும்?"

"ஆமாம் மாமா."

"குடிச்சிருக்கீங்களா மாப்ளே?"

"இல்லை மாமா, நிஜமாத்தான். கொஞ்சம் திறந்தாப் போதும்."

"பார்க்கலாம் போங்க."

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம். அது அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும், மாப்பிள்ளையைத் தவிர. அவன் திரும்பத் திரும்ப வந்து கேட்டான். ஒரு நாள் பெல்ட் மாற்றுகிறேன் என்றார். ஒரு நாள் சாவியைக் காணோம் என்றார். டீ ரூமில் இந்தக் கதைக்குக் கிடைத்த சிரிப்பே தனி.

அந்த வாரம் முடிவதற்குள் கரும்பச்சை வெளிறியது. பிறகு பழுப்பானது. பிறகு ஒரு காலையில் தண்ணீர் தெளிந்துவிட்டது; தொட்டியின் அடி தெரிந்தது. தின்று கொழுத்த பூச்சிகள் மூலைகளில் செம்மண் கரைசல் மாதிரி திரண்டு மிதந்தன. மாப்பிள்ளை சுவர்மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். துடுப்புச் சக்கரம் வெறும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் தன் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று மனசு கைதட்டியது. வால்வு ஞாபகம் வந்தது. பூச்சி தின்றதற்கு வால்வு என்ன செய்யும் என்று அந்த ஞாபகத்தை உடனே அனுப்பிவிட்டார்.

பெரிய இன்ஜினியர் வந்தது இரண்டொரு நாள் கழித்து. அவர் அந்த நிலையத்துக்கே தலைவர். ஆனால் மூக்கில் கைக்குட்டை வைக்காமல் அவர் உள்ளே வந்ததை யாரும் பார்த்ததில்லை. பூட்ஸ் பளபளவென்று இருக்கும். தொட்டி விளிம்புக்கு ஒரு கஜம் தள்ளியே நிற்பார், தண்ணீர் எட்டிக் கடித்துவிடும் என்பது போல. எல்லோரையும் தொட்டியோரம் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மாப்பிள்ளை கையில் சாம்பிள் பாட்டிலோடு நின்றான்.

"என்ன டாக்டர், பச்சை எங்கே?"

"பூச்சி விழுந்துடுச்சு சார். திரும்ப வளர்த்துடலாம். வித்து கைவசம் இருக்கு. கொஞ்சம் டைம் குடுத்தா…"

"நீங்க தீயணைக்கறவங்க நெருப்புப் பெட்டி வாங்கற மாதிரி இல்ல பண்றீங்க?" என்றார் இன்ஜினியர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஃபோர்மேன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வார்த்தைகள்தான். கையும் காலும் இடம் மாறியிருந்தன, ஆனால் அவருடையதுதான்.

"டாக்டர் பட்டம் வாங்கித் தண்ணி மேய்க்கிறீங்களாமே? பால் கறக்குதா?"

மறுபடியும் சிரிப்பு. வெல்டர் சிரித்துக்கொண்டே ஃபோர்மேனைப் பார்த்தான், நம்ம சரக்கு எங்கே வரைக்கும் போயிருக்கு பார்த்தீங்களாண்ணே என்கிற மாதிரி. ஃபோர்மேனின் உதடு சிரிப்பதற்குத் தயாராகி, பாதியில் நின்றது.

"உங்க மேல எனக்குக் கோபமில்லை டாக்டர். அந்தப் பொண்ணை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. வழுக்கி விழுந்த பொண்ணாமே?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. மாப்பிள்ளை பாட்டிலை மெதுவாகச் சுவர்மேல் வைத்தான்.

"என்ன சொன்னீங்க?"

"அட, நான் சொல்லலப்பா" என்று இன்ஜினியர் கையை விரித்தார். "உன் மாமனாரே ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு. கேட்டுப் பாரு."

மாப்பிள்ளை ஃபோர்மேனைப் பார்த்தான். கண்ணைக் கொட்டவில்லை. அவன் கண்ணைக் கொட்டாமல் பார்த்து ஃபோர்மேன் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். வழுக்கிருச்சு என்றுதானே சொன்னேன், வழுக்கி விழுந்தவள் என்றா சொன்னேன் என்று வாதாடியிருக்கலாம். ஃபோர்மேனின் தொண்டைவரை அதெல்லாம் வந்தது. வெளியே வந்தது வேறு.

"சார், அதெல்லாம் என்னோட வார்த்தை" என்றார், ப்ளோயர் கொட்டகைக் குரலில். "எனக்குப் புத்தி இல்லாமச் சொன்னேன். உங்களுக்குச் சொந்தமா ஒரு வார்த்தை கூடவா இல்ல? திருடித்தான் பேசணுமா? திருடினதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியல. நெருப்புப் பெட்டி வாங்கறானாம்! மூக்குல இருக்கற துணியை எடுத்துட்டு ஒரு தடவை இந்தத் தொட்டியை எட்டிப் பார்த்திருக்கீங்களா? அவன் தினம் இதுக்குள்ள இறங்கி நிக்கறான்."

இன்ஜினியர் முகத்தில் கடுகு போட்டால் பொரிந்திருக்கும். காரில் ஏறிப் போய்விட்டார். சாயந்திரமே உத்தரவு வந்தது. பாசித் தொட்டியை இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டும். அதுவரை ஃபோர்மேன் ப்ளோயர் பக்கம் போகக் கூடாது. அந்தத் தொட்டிக்கே எடுபிடியாக இருந்து, கடைசியில் அவர் கையாலேயே அதை வடித்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது மகள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட் அம்மா சொல்லிவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மனைவி சமையலறை வாசலில், கையில் கரண்டியோடு நின்றாள்.

"அந்த ஆளை நல்லாக் கேட்டு விட்டுட்டேன்" என்றார் ஃபோர்மேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள் மகள். "அந்த ஆள் சொன்னதுல ஒரு வார்த்தை கூட அவரோடது இல்லையாமே? எல்லாம் நம்ம வீட்டுச் சரக்காம்."

"நான் ஒரு விளையாட்டுக்கு…"

"அவரும் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாரு."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா."

"நான் பிழை பார்க்கறவப்பா. எந்த வார்த்தை எந்த இடத்துல என்ன அர்த்தம் ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சிரிப்பு வருதுன்னா விட்டுடுவீங்க, அவ்வளவுதான்." ஒரு சட்டையை மடித்தாள். "உங்களுக்கு உலகத்துல யாரையும் பிடிக்காது. அது எனக்கு சின்ன வயசுலேர்ந்தே தெரியும். ஆனா என்னை மட்டும் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

ஃபோர்மேன் மனைவியைப் பார்த்தார். இவ்வளவு காலமாக அவர் எதைச் சொன்னாலும் பேசாமல் நின்றவள், அப்போதும் பேசாமல்தான் நின்றாள். ஆனால் மகள் பெட்டியை மூட முடியாமல் திணறியபோது, போய் மூடியின்மேல் உட்கார்ந்து அழுத்திக் கொடுத்தாள்.

மகளும் மருமகனும் ஊருக்குள் ஒரு மாடியறை பார்த்துப் போய்விட்டார்கள். ஜன்னலில் இருந்த பாட்டில்களை மாப்பிள்ளை தொட்டியருகே இருந்த கொட்டகைக்கு மாற்றிக்கொண்டான். மறுநாளிலிருந்து ஃபோர்மேன் அங்கே வேலைக்குப் போனார். மாப்பிள்ளை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிலை டிரம்மில் கலப்பான், வலையால் பூச்சியை வடிப்பான், எழுந்து போய்விடுவான். டீ ரூமில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. வெல்டர் மட்டும், "என்னண்ணே, இப்ப நீங்களும் மேய்க்கப் போயிட்டீங்க?" என்றான். ஃபோர்மேன் அவனைப் பார்த்தார். இவனுக்காகவா இத்தனை நாள் பேசினேன் என்று இருந்தது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அவருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாசியின்மேல் அவருக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தொட்டியைக் காலி செய்தால் இன்ஜினியர் சிரிப்பார். அதை அவரால் பொறுக்க முடியாது. வடிகால் வால்வுக்குப் போன மனிதர், அதைத் தொடாமல் தாண்டிப் போய், முதல் தொட்டிச் சாக்கடை வருகிற வால்வைத் திறந்தார்.

நாற்றம் குப்பென்று எழுந்தது. மாப்பிள்ளை கொட்டகையிலிருந்து ஓடிவந்தான்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க கேட்டதுதான்."

"நான் அன்னைக்குக் கேட்டேன் மாமா." அவன் குரல் உடைந்தது. "பாசி இருந்தப்போ கேட்டேன். எத்தனை தடவை வந்து நின்னேன்? பெல்ட்டு, சாவின்னீங்க."

மாப்பிள்ளை தொட்டியில் கை விட்டு அள்ளி மோந்து பார்த்தான். "இவ்வளவு கூடாது, பாதியா மூடுங்க" என்றான். அவர் மூடினார். "இன்னும் கொஞ்சம்." மூடினார். ஏதோ சோதனைக் காகிதத்தை நனைத்து நிறம் பார்த்தான். "அப்படியே விடுங்க. நான் சொல்றவரைக்கும் தொடாதீங்க." ஃபோர்மேன் வால்வுப் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருந்தார், காவல் நாய் மாதிரி.

மூலைகளில் இருந்த செந்நிறக் கும்பல் கலைந்து அடியில் படிந்தது. குவளையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் துள்ளவில்லை. டிரம்மில் வளர்த்து வைத்திருந்த பாசியை மாப்பிள்ளை இறக்கினான். மேகம் போட்டு இரண்டு மூன்று நாள் எதுவும் ஆகவில்லை. பிறகு வெயில் அடித்தது. தண்ணீரில் ஒரு பச்சை மூச்சு தெரிந்தது. மாதம் முடிவதற்குள் தொட்டி பழையபடி கரும்பச்சையாகிவிட்டது. கெமிஸ்ட் அம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு நேராகத் தகவல் சொல்லிவிட்டாள். ஏரிக்கரைக்காரர்கள் வேறு விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். காட்டுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று மேலிடம் ஏங்கிக்கொண்டிருந்த நேரம்.

மேலிடத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இன்ஜினியர் அன்றைக்குக் கைக்குட்டை இல்லாமல் வந்தார். தொட்டி விளிம்பிலேயே நின்றார். மூடச் சொன்ன வாயால், "ரொம்ப நாளா இது என்னோட கனவுங்க" என்று ஆரம்பித்தார்.

"இவர்?" என்று ஒருவர் மாப்பிள்ளையைக் காட்டிக் கேட்டார்.

"இவரும் நம்ம டீம்ல இருக்காரு."

மாப்பிள்ளை கண்ணைக் கொட்டினான். ஃபோர்மேன் வலையைக் கழுவிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கினார்.

"சாருக்குக் கனவுல சாக்கடை வந்திருக்கு. டாக்டர்கிட்ட வயித்தைக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

ப்ளோயர் இரைச்சலுக்கு மேல் கேட்கிற குரல். வந்தவர்களில் யாரோ முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று. அதன் பலனாக ஃபோர்மேனுக்கு ப்ளோயர் திரும்பக் கிடைக்கவே இல்லை. தொட்டி நிரந்தரம் என்று உத்தரவு வந்தபோது, அதற்கு எடுபிடியும் நிரந்தரமானார். அவருடைய கொட்டகையில் இப்போது வெல்டரின் தம்பி உட்கார்ந்திருக்கிறான். பெல்ட் கிறீச்சிடுவது இங்கே வரைக்கும் கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை.

மகள் வரவில்லை. மனைவி வாரம் ஒரு தடவை மாடியறைக்குப் போய் அவளோடு சாப்பிட்டுவிட்டு வருவாள். "என்ன பேசினீங்க?" என்று கேட்டால், "எல்லாம் பேசினோம்" என்பாள். அந்த எல்லாமில் தான் உண்டா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

வடிக்கிற நாளில் இரண்டு ஆள் வேண்டும். அடியில் தங்கிய பாசியை நீளத் துணியில் ஊற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரெதிராக முறுக்க வேண்டும். ஈரத்தில் துணி கல்லாகக் கனக்கும். அன்றைக்கு மாப்பிள்ளை ஒரு முனையை எடுத்து, மறுமுனையை அவர் பக்கம் நீட்டினான். இருவரும் முறுக்க ஆரம்பித்தார்கள். முழங்கை வரைக்கும் பச்சையானது.

"மாப்ளே" என்றார் ஃபோர்மேன். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம் மாமா."

"இல்ல, அந்த வால்வு விஷயம்…"

"வால்வை நான் மறந்துட்டேன். இன்னொண்ணை மறக்கல. மறப்பேன்னு தோணவும் இல்லை." அவன் கோபமாகச் சொல்லவில்லை. சாம்பிளைப் பார்த்து முடிவு சொல்வது போலச் சொன்னான். "உங்க மக என்ன பண்ணுவாங்கறது அவ பாடு. அதுல நான் தலையிட மாட்டேன். எனக்கு இங்க ஒரு ஆள் வேணும். நீங்க இருக்கீங்க. அவ்வளவுதான்."

ஃபோர்மேனுக்கு வாய் துறுதுறுத்தது. சுருக்கென்று ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லதாகவே வந்தது.

"பேசினா உங்க கை தளருது மாமா" என்றான் மாப்பிள்ளை. "பாருங்க, ஓரத்துல ஒழுகுது. எடுத்ததெல்லாம் திரும்பத் தண்ணிக்கே போகுது."

ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். அவர் பக்கத்து மடிப்பிலிருந்து பச்சை ஒழுகிக்கொண்டிருந்தது. துணியை இழுத்துப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். சொட்டு மெதுவாக நிறம் மாறியது. பச்சை போய், வெளிறி, வெறும் தண்ணீராக விழுந்தது. மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னொரு முறுக்கு" என்றான்.

ஃபோர்மேன் முறுக்கினார்.